மூன்று இரவுக்கு ஒரு நகரம்: லிஸ்பனா, ஆம்ஸ்டர்டாமா?



‘வழித்துணை’ப் பகுதிக்கு மாதந்தோறும் வரும் கடிதங்கள் பெரும்பாலும் சிறியவை. பெட்டியின் எடை எவ்வளவு இருக்கலாம், ஊறுகாய் கொண்டுசெல்ல அனுமதி உண்டா, பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிறவர் எத்தனை நாள் தங்கலாம் என்பன போன்ற வினாக்களுக்கு நான்கு வரியில் விடை எழுதிவிடலாம். இம்முறை மட்டாஞ்சேரியிலிருந்து வந்துள்ள கடிதம் அவ்வாறு தீர்க்கத் தக்கதாக இல்லை. ஆதலால் இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்க நேர்ந்தது. ஏனைய அன்பர்கள் பொறுத்தருள்க.

கடிதம் எழுதியவர் மட்டாஞ்சேரிக் கடைவீதியில் மிளகுக் கிடங்கொன்றில் முப்பத்தாறு ஆண்டுகள் கணக்கெழுதி ஓய்வுபெற்றவர். அவருடைய மகன் வெளிநாட்டில் உத்தியோகம் பார்க்கிறார். தாய் தந்தையரை ஒருமுறையேனும் கடற்பயணம் அழைத்துச் செல்ல வேண்டும் என்பது அவருக்கு நெடுநாள் ஆசை. வரும் மே மாத நடுவில் மத்தியதரைக் கடலில் ஏழு நாள் செல்லும் உல்லாசக் கப்பலில் மூவருக்கும் இடம் பதிவு செய்திருக்கிறார். கப்பல் ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனாவில் புறப்பட்டு, இத்தாலியிலும் பிரான்சிலும் சில துறைகளைத் தொட்டு, மறுபடியும் பார்சிலோனாவிலேயே கொண்டுவந்து இறக்கிவிடும். “அதன்பின் மூன்று இரவு எங்கே தங்கலாம் என்பதை நீங்கள் இருவரும் முடிவு செய்யுங்கள்” என்று மகன் எழுதிவிட்டார். தந்தையார் லிஸ்பன் என்கிறார். தாயார் ஆம்ஸ்டர்டாம் என்கிறார். இரண்டு மாதமாக வீட்டில் இவ்வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. தீர்ப்பு என்னிடம் வந்திருக்கிறது.

தந்தையார் தம் பக்கத்தை நான்கு பக்கங்களில் அழகாக எடுத்து எழுதியிருக்கிறார். கடிதத்தின் அடியில், வேறு கையெழுத்தில், அம்மையார் மூன்று வரி சேர்த்திருக்கிறார். அதை அப்படியே தருகிறேன்: “ஐயா, என் பிறந்த வீடு வெளியில் துணி வெளுக்கும் துறைக்கு அருகில். எங்கள் முன்னோரை உலாந்தாக்காரன் கொண்டுவந்தான் என்று என் தாத்தா சொல்வார். அந்த ஊரில் எனக்குப் பார்க்க ஒன்றும் இல்லை என்கிறார் இவர். ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒருமுறை நின்றுவிட்டு வர வேண்டும்.”

உலாந்தா என்பது ஹாலந்து. நம் பாட்டன்மார் காலத்துச் சொல். இன்று அதைச் சொல்வோர் அருகிவிட்டனர்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். மூன்று இரவில் இரண்டு நகரங்களையும் பார்த்துவிடலாம் என்று யாரேனும் யோசனை சொன்னால் கேட்க வேண்டா. ஏழு நாளும் காலையில் ஒரு துறை, மாலையில் மறுபடி கப்பல் என்று அலைந்த உடம்பு அது. மீண்டும் விமான நிலையம், மீண்டும் பெட்டி, மீண்டும் வரிசை என்றால் நினைவில் நிற்பது வரிசை மட்டுமே. ஒரு நகரம், ஒரு விடுதி, மூன்று இரவு. இவ்வளவில் வழக்கை நிறுத்திக்கொள்வோம்.

லிஸ்பனுக்காக அன்பர் சொல்வன யாவும் உண்மை. நம் கொச்சிக் கோட்டையிலுள்ள புனித பிரான்சிஸ் தேவாலயத்தை அறியாதவர் நம்மில் இல்லை. 1524ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் வாஸ்கோ ட காமா கொச்சியில் இறந்தார். அத்தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். பதினைந்து ஆண்டுகள் செல்வதற்குள் அவருடைய எலும்புகள் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோகப்பட்டன. கல் மட்டும் இங்கே நின்றுவிட்டது. அன்பர் சிறுவனாக இருந்தபோது, வரும் வெள்ளைக்காரர்களுக்கு அந்தக் கல்லைக் காட்டி ஓரிரு காசு பெற்றதுண்டாம். “வெறும் குழியை அறுபது ஆண்டு காட்டிவிட்டேன், உள்ளே இருந்தவரை ஒருமுறை பார்க்க வேண்டாமா?” என்று கேட்கிறார். லிஸ்பனின் பெலெம் பகுதியிலுள்ள ஜெரோனிமோஸ் மடாலயத்தில், நுழைவாயிலை அடுத்து, கமொய்ஷ் என்னும் பெரும்புலவரின் கல்லறையும் காமாவின் கல்லறையும் இருக்கின்றன. நியாயமான ஆசை.

அது மட்டுமன்று. அம்மடாலயம் எழுந்த பணம் எங்கிருந்து வந்தது? ஆப்பிரிக்காவிலிருந்தும் கீழை நாடுகளிலிருந்தும் வந்த சரக்கில் இருபதில் ஒரு பங்கு வரியாகக் கொண்டு அரசர் மானுவல் அதைக் கட்டத் தொடங்கினார். அந்தச் சரக்கில் முதன்மையானது மிளகு. மிளகின் பெரும்பகுதி சென்றது நம் கரையிலிருந்து. முப்பத்தாறு ஆண்டு மிளகுக் கணக்கு எழுதியவர், மிளகுப் பணத்தால் எழுந்த தூண்களை நிமிர்ந்து பார்க்க விரும்புவதில் என்ன வியப்பு? அவருடைய தொழிலுக்கு உலகில் அதைவிடப் பெரிய பேரேடு கிடையாது.

தமிழருக்கென்றே மூன்றாவதொரு காரணமும் உண்டு. அன்பர் அதை எழுதவில்லை, நான் சேர்க்கிறேன். உலகில் முதன்முதலாக அச்சேறிய தமிழ்நூல் லிஸ்பனில்தான் அச்சாயிற்று. ஆண்டு 1554. சிறு சமயப் புத்தகம். தமிழ் ஒலியை ரோமானிய எழுத்தில் எழுதி, போர்த்துக்கீசியப் பொருளும் உடன் தந்து அச்சிட்டார்கள். அப்பணியில் உழைத்தவர்கள் லிஸ்பனுக்குச் சென்றிருந்த மூன்று தமிழர். வின்சென்ட் டி நசரெத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா ட குரூஸ் என்று அவர்கள் பெயர் பதிவாகியிருக்கிறது. அவர்களுடைய தாய் இட்ட பெயர் பதிவாகவில்லை. இருபத்தைந்து ஆண்டு கழித்து, 1579இல், தமிழ் எழுத்திலேயே ‘கிரீசித்தியானி வணக்கம்’ என்னும் நூல் அச்சானது எங்கே தெரியுமா? நம் கொச்சியில். லிஸ்பனுக்கும் நமக்கும் இருக்கும் உறவு மிளகோடு முடிந்துவிடவில்லை.

இனி ஆம்ஸ்டர்டாம். 1663ஆம் ஆண்டு சனவரியில் ஒல்லாந்தர் கொச்சியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். 1795இல் ஆங்கிலேயர் வரும்வரை, நூற்று முப்பத்திரண்டு ஆண்டுகள், கோட்டை அவர்கள் கையில் இருந்தது. மட்டாஞ்சேரியில் நாம் நாள்தோறும் கடந்துபோகும் அரண்மனையைப் போர்த்துக்கீசியர் கட்டி அரசர் வீரகேரள வர்மருக்கு அளித்தனர். ஒல்லாந்தர் பழுது பார்த்தனர். ஊராரோ அதை டச்சு அரண்மனை என்கின்றனர். கட்டியவன் ஒருவன், பெயர் தட்டிக்கொண்டவன் ஒருவன். இவ்வழக்கில் இரு பக்கத்தாரும் எடுத்துக்காட்டத் தக்க கட்டடம் அது!

ஒல்லாந்தர் நம்மைப்பற்றி எழுதியவை ஏராளம். கொச்சியில் தளபதியாக இருந்த வான் ரீட் என்பவர் இக்கரையின் செடிகொடிகளை எல்லாம் படம் எழுதுவித்துத் தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. சேர்த்தலைப் பகுதியைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்னும் வைத்தியரும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அந்தணர் மூவரும் அதற்கு உதவினர். அவர்களுடைய சான்றுரைகள் அவரவர் எழுத்திலேயே நூலில் அச்சிடப்பட்டுள்ளன. யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த பல்டேயுஸ் பாதிரியார், மலபாரையும் சோழமண்டலக் கரையையும் இலங்கையையும் பற்றி எழுதிய பெருநூலும் 1672இல் அந்நகரிலேயே அச்சாயிற்று. தமிழ் எழுத்துகளும் தமிழ் இலக்கணச் சுருக்கமும் அதில் உண்டு.

நம் யூதர் தெருவுக்கும் அந்நகருக்கும் உறவு உண்டு. 1568இல் எழுந்த பரதேசி யூதர் ஆலயத்தைத் தேடிக்கொண்டு 1686இல் ஆம்ஸ்டர்டாம் யூதர் சிலர், மோசே பெரெய்ரா டெ பைவா என்பவர் தலைமையில், இங்கே வந்தனர். கண்டதைக் குறிப்பாக எழுதி மறு ஆண்டே அங்கு அச்சிட்டனர். அவர்கள் தொழுத போர்த்துக்கீசிய யூதர் ஆலயம் 1675இல் கட்டப்பட்டது, இன்றும் இருக்கிறது. பெருமண்டபத்தில் மின்விளக்கு இல்லை. ஏறக்குறைய ஆயிரம் மெழுகுவர்த்திகளே ஒளி. தரையில் மணல் தூவியிருக்கும். மட்டாஞ்சேரிக்காரர் அதனுள் நுழைந்தால் தம் தெருவின் கோடியிலுள்ள ஆலயத்தை நினையாமல் இருக்கமாட்டார்.

எனினும், அன்பர் கேட்பது வேறு. “வைத்தியர் பெயர் இருக்கிறது, பட்டர் பெயர் இருக்கிறது, யூதர் பெயர் இருக்கிறது. இவள் தாத்தாவின் பெயர் எங்கே இருக்கிறது? அங்கே போய் எதைப் பார்த்து நிற்பாள்?” என்கிறார். கடுமையாகத் தோன்றினும் வினா பொருளற்றதன்று.

கொச்சிக் கோட்டையின் ‘வெளி’யிலுள்ள சலவைத் துறையை நம் வாசகர்களில் பலர் அறிவர். ஒல்லாந்தர் காலத்தில் படைவீரர் உடை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழிவந்தோர் தாங்கள் என்பது அங்குள்ளோர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவது. இப்போதுள்ள துறை 1976இல் அமைக்கப்பட்டது. வண்ணார் சங்கத்தார் அதை நடத்துகின்றனர். தனித்தனி அறைகளில் கல்லும் தொட்டியும். அப்பால் திறந்த வெளியில் வரிசை வரிசையாகக் கயிறு. கிளிப்புகள் இல்லை. இரட்டைக் கயிற்றின் முறுக்கை விலக்கி அதனிடையே துணியின் முனையைச் செருகிவிட்டால், எந்தக் கடற்காற்றும் அதைப் பறிக்காது. கஞ்சி போடும் பதமும், கரி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி இறக்கும் கணக்கும் ஏட்டில் எழுதிக் கற்றவை அல்ல. அவர்களைக் கொண்டுவந்தவர்கள் எத்தனை பேரை, எவ்வூரிலிருந்து, எந்தக் கப்பலில் ஏற்றினார்கள் என்பதை வீட்டில் தாத்தாதான் சொல்ல வேண்டும்.

உண்மையை ஒப்புக்கொள்கிறேன். கடிதத்தை முதலில் படித்தபோது என் மனம் அன்பர் பக்கமே சாய்ந்தது. லிஸ்பனில் கல்லறை இருக்கிறது, தூண் இருக்கிறது, சுட்டிக்காட்ட ஒரு பொருள் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் அம்மையாருக்குச் சுட்டிக்காட்ட ஒன்றும் இல்லை. மூன்றே நாள் உள்ளவர் இருப்பதைப் பார்ப்பதா, இல்லாததைத் தேடுவதா? அவ்வாறே விடை எழுதவும் தொடங்கிவிட்டேன். முதற்பக்கம் முடியும்போது, பல ஆண்டுகளுக்கு முன் கப்பற் கணக்கராக இருந்த காலத்தில் ஆம்ஸ்டர்டாம் துறையில் இறங்கி, மழைக்கு ஒதுங்கப் புகுந்த ஓவியக் காட்சிசாலை நினைவுக்கு வந்தது. எழுதியதைக் கிழித்துப் போட்டேன்.

ரைக்ஸ்மியூசியம் என்பது அந்நாட்டின் தேசியக் காட்சிசாலை. அங்கே ரெம்பிராண்ட் 1662இல் தீட்டிய பெரிய ஓவியம் ஒன்று உண்டு. ஒல்லாந்தர் கொச்சியைப் பிடிப்பதற்கு முந்திய ஆண்டு அது. மேசையைச் சுற்றி ஐந்து பெரியவர்கள்; பின்னால் ஒரு பணியாள். அவர்கள் மன்னரும் அல்லர், தளபதிகளும் அல்லர். நெசவுத் துணியின் தரத்தைச் சோதித்து முத்திரையிட நகரத்தார் அமர்த்திய அதிகாரிகள்! கறுப்பு உடையின்மேல் அகன்ற வெள்ளைக் கழுத்துப்பட்டி. அந்த வெள்ளைதான் படத்துக்கு ஒளி. அக்காலத்து ஒல்லாந்து ஓவியங்களில் எங்கு நோக்கினும் இவ்வெள்ளையே: மடிப்பு மடிப்பாகக் கழுத்துப்பட்டி, மணிக்கட்டில் லேஸ், பெண்டிர் தலையில் கஞ்சி போட்ட துணிமுடி. ஓவியனுடைய கைத்திறனைப் பற்றி நூல் நூலாக எழுதியிருக்கிறார்கள். அந்தப் பட்டியை வெளுத்து, கஞ்சி போட்டு, மடிப்பு நிற்கச் செய்த கை எவருடையது என்று கேட்டவர் சிலரே.

அதே காட்சிசாலையில், யாகோப் வான் ரைஸ்டேல் என்பவர் தீட்டிய ஹார்லெம் நகரத் தோற்றம் ஒன்று இருக்கிறது. முக்கால் பங்கு மேகம். தொலைவில் கோயில் கோபுரம். கீழே பச்சைப் புல்வெளி. புல்வெளியில் நீள நீளமாக வெள்ளைத் துணி விரித்து வெயிலில் உலர்த்தியிருக்கிறார்கள். ஹார்லெம் அக்காலத்தில் துணி வெளுப்பதற்குப் பேர்பெற்ற ஊர். வேற்றூர்த் துணியும் அங்கே வந்து வெளுக்கப்படும். அந்தப் படத்தின்முன் அன்று நான் அரை நிமிடம் நின்றேன். மேகம் நன்றாயிருக்கிறது என்று எண்ணி நகர்ந்துவிட்டேன். இப்போது அம்மையாரின் மூன்று வரியைப் படித்தபின்தான் புரிகிறது, நான் பார்த்தது வெளியின் சலவைத் துறையை. முந்நூற்றைம்பது ஆண்டுக்கு முன், வேறொரு நாட்டில், வேறொரு வெயிலில்.

அன்பரே, உங்கள் வினாவுக்கு விடை இதுதான். அவர் தாத்தாவின் பெயர் அங்கே இல்லை. அவர் தாத்தாவின் தொழில் இருக்கிறது. அந்நாட்டின் மிகச் சிறந்த ஓவியர்களுடைய கையால் எழுதப்பட்டு, பொன்விளிம்புச் சட்டத்தில் தொங்குகிறது. அதைக் காணும் கண் உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அம்மையாருக்கு உண்டு. துணி எந்தப் பதத்தில் காய்ந்திருக்கிறது, கஞ்சி கூடியதா குறைந்ததா என்று அவர் சொல்லக்கூடும். அப்போது நீங்கள் அருகில் நின்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காமாவின் கதையை உலகம் முழுவதும் சொல்லிக்கொண்டிருக்கிறது. லிஸ்பனில் அவர் பெயரால் 1998இல் திறந்த நீண்ட பாலம் ஒன்றும் இருக்கிறது. அந்தக் கதையில் கொச்சியின் பங்கு எதுவோ, அந்தக் கல் இங்கேயே இருக்கிறது. எலும்புகள் இல்லாவிட்டால் என்ன? மனிதர் இறந்த இடம் நம்முடையதுதானே? நீங்கள் அறுபது ஆண்டு காட்டியது வெறும் குழியன்று. அம்மையாரின் கதையோ எந்தக் கல்லிலும் இல்லை. அதை அவர் தம்மோடு எடுத்துச் சென்றால்தான் அந்நகருக்குள் நுழையும்.

அங்கே சென்று நன்றி சொல்ல வேண்டும் என்றோ, வசை சொல்ல வேண்டும் என்றோ நான் கருதவில்லை. இரு நாட்டாரும் மிளகுக்காக இக்கரையில் இரத்தம் சிந்தியவர்களே, சிந்தவைத்தவர்களே. நம்மவரைத் தங்கள் தேவைக்கு இடம்பெயர்த்தவர்களே. நாம் அவர்களுடைய விருந்தினராகவும் போகவில்லை, வழக்காளிகளாகவும் போகவில்லை. நம் வீட்டுக் கதையின் மறுகரை எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போகிறோம். அவ்வளவே.

தீர்ப்பு: ஆம்ஸ்டர்டாம்.

இனி நடைமுறைச் செய்திகள். ஏனைய குடும்பத்தார்க்கும் இவை பயன்படும்.

விசாவை முதலில் கவனிக்க. ஸ்பெயின், போர்ச்சுகல், நெதர்லாந்து மூன்றும் ஷெங்கன் நாடுகள். ஒரே விசா போதும். ஆனால் எந்நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்நாட்டாரிடமே விண்ணப்பிக்க வேண்டும். நாள்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டாரிடம். எனவே கப்பலுக்குப் பின் எங்கே தங்குவது என்னும் முடிவு விண்ணப்பத்துக்கு முன்பே தேவை. வழக்கை ஏப்ரல்வரை நடத்த முடியாது! பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னரே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறைவாக இருந்தால் ஏற்கமாட்டார்கள். முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். இடையில் ஷெங்கனுக்கு வெளியேயுள்ள துறை எதையேனும் கப்பல் தொடுமாயின், பலமுறை நுழையும் விசா கேட்க மறவாதீர்.

கப்பலிலிருந்து இறங்கும் நாளில் பிற்பகலுக்கு முன் புறப்படும் விமானத்தில் இடம் பதிவு செய்யலாகாது. ஆயிரக்கணக்கானோர் ஒரே காலையில் இறங்குவர்; பெட்டி கைக்கு வர நேரமாகும்; வாடகைக் கார்களுக்கும் நெருக்கடி. பார்சிலோனாவிலிருந்து ஆம்ஸ்டர்டாம் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். லிஸ்பன் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தின் அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. கால்மணி நேரத்தில் நகரின் மைய நிலையத்தை அடையலாம்.

முழங்கால் வலி இருப்பதாக அன்பர் எழுதியிருக்கிறார். இதிலும் ஆம்ஸ்டர்டாமுக்கே சாதகம். லிஸ்பன் குன்றுகளின்மேல் அமைந்தது. நடைபாதையோ சிறு சுண்ணாம்புக் கற்களைப் பதித்தது. மழை நனைத்தால் வழுக்கும். நானே ஒருமுறை விழுந்து எழுந்தேன். ஆம்ஸ்டர்டாம் தட்டையான ஊர். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். பழைய வீடுகளை விடுதியாக்கியிருப்பவற்றில் படி ஏணிபோலச் செங்குத்தாக இருக்கும். லிப்டு உண்டா என்று கேட்டுப் பதிவு செய்க. சைக்கிள் பாதையில் தவறியும் நிற்க வேண்டா. அங்கே சைக்கிள்காரருக்கு நம் ஊர்ப் பேருந்து ஓட்டுநரைவிட அவசரம் அதிகம். அறை வாடகைக்கு மேல், 2024 முதல், நூற்றுக்கு பன்னிரண்டரை வீதம் நகர வரி உண்டு என்பதையும் கணக்கில் சேர்க்க.

மே மாதத்திலும் குளிர் இருக்கும். மழைச் சட்டையும் கம்பளியும் கொண்டுசெல்க. இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் நேரம் தெரியாமல் அலைந்து களைத்துப்போவது எளிது.

உணவுபற்றிக் கவலை வேண்டா. சுரினாம் நாட்டுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட வடநாட்டாரின் வழித்தோன்றல்கள் பலர் நெதர்லாந்தில் குடியேறியிருக்கின்றனர். அவர்களுடைய கடைகளில் ரொட்டியும் பருப்பும் காய்கறிக் குழம்பும் கிடைக்கும். கடல் கடந்து இரண்டு முறை இடம்பெயர்ந்த சுவை அது. நம் நாவுக்கு அந்நியமாக இராது. ஒரு நாள் மிஞ்சுமானால், வடகோடியிலுள்ள டென் ஹெல்டர் நகரில் ஈழத்தமிழர் எழுப்பிய வரதராஜ செல்வ விநாயகர் கோயிலுக்கு ரயிலில் சென்று வரலாம். லிஸ்பன் செல்ல நினைக்கும் பிற அன்பர்களுக்கும் ஒரு குறிப்பு: அங்கே குஜராத்தியர் எழுப்பிய ராதா கிருஷ்ணர் கோயில் உண்டு. மட்டாஞ்சேரிக் குஜராத்தித் தெருவை அறிந்தவர்களுக்கு அது நல்ல ஆறுதல். ஜெரோனிமோஸ் மடாலயம் திங்கட்கிழமை திறப்பதில்லை.

நாள்களை இவ்வாறு வகுத்துக்கொள்ளலாம். வந்த மாலை ஓய்வு. கால்வாய்க் கரையில் சிறிது நடை. மறுநாள் காலை காட்சிசாலை திறக்கும் நேரத்திலேயே ரைக்ஸ்மியூசியம். சீட்டை முன்கூட்டியே வாங்கிவிடுக. பிற்பகலில் வேறு எதுவும் வேண்டா. மூன்றாம் நாள் போர்த்துக்கீசிய யூதர் ஆலயம் (சனிக்கிழமை மூடியிருக்கும்). அதற்கு நடக்கும் தூரத்திலேயே 1638இல் தொடங்கிய தாவரத் தோட்டம். பின்னர் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இருந்த பழைய மாளிகை. இப்போது அது பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அந்த முற்றத்தில் சற்று நில்லுங்கள் அன்பரே. உங்கள் மிளகின் விலையை அந்நாளில் அங்கேதான் பேசினார்கள். லிஸ்பன் போகாவிட்டாலும் உங்கள் பேரேட்டின் ஒரு பக்கம் அங்கேயும் இருக்கிறது.

அம்மையாருக்குத் தனியாக ஒரு சொல். காட்சிசாலையில் கூட்டமெல்லாம் ஒரே பெரிய படத்தை நோக்கி விரையும். அவர்களோடு விரைய வேண்டியதில்லை. துணி காயும் படம் எந்த அறையில் இருக்கிறது என்று வாயிலில் கேளுங்கள். படங்களை இடம் மாற்றுவதுண்டு. எதிரே பலகை இருந்தால் உட்காருங்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காருங்கள். முப்பத்தெட்டு ஆண்டு இல்லறத்தில், எங்கே போவது என்று உங்களைக் கேட்டது இதுவே முதல்முறை என்று உங்கள் கணவரே தம் கடிதத்தில், தாம் எழுதுவது இன்னதென்று அறியாமலே, எழுதியிருக்கிறார். அவர் நல்லவர். காத்திருப்பார்.

புறப்படும் நாளுக்கு முன்தினம் இருவரும் சேர்ந்து புனித பிரான்சிஸ் தேவாலயத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். அங்கிருந்து வெளி தொலைவில்லை. சலவைத் துறையையும் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம். இரண்டையும் ஒரே மாலையில் பார்த்துவிட்டுக் கப்பலேறுவது நல்லது.

திரும்பி வந்ததும் எழுதுங்கள். இம்முறை அம்மையார் நான்கு பக்கமும் அன்பர் மூன்று வரியும் எழுதட்டும். அந்தத் துணி நன்றாக வெளுத்திருந்ததா என்பதை அறிய நானும் காத்திருக்கிறேன். நம் வாசகக் குடும்பங்களும் காத்திருக்கும்.

அடுத்த இதழில், முதியோர் தனியே விமானப் பயணம் செய்கையில் சக்கர நாற்காலி உதவி பெறும் முறை.